இன்னும் பயன்படுத்தாத காரணம்

உலகத்தில் ஜெயிக்கத் தெரிந்த நாடுகள் நிறைய இருக்கின்றன. ஜெயிப்பதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது? எதிரியைவிட நாலு புள்ளி கூடுதலாக எடுத்தால் தீர்ந்தது. அதற்கு மேல் அதில் சிந்தனைக்கு இடமில்லை. தோற்பது அப்படியல்ல. தோற்றுவிட்டு, தலை நிமிர்ந்து ஊர் திரும்பி, கேட்பவர் வாயடைத்துப் போகும்படி ஒரு காரணமும் சொல்வதென்றால் அதற்குத் தனிப் பண்பாடு வேண்டும். அந்தப் பண்பாட்டின் சிகரத்தில் பக்கத்தில் யாருமில்லாமல் நிற்பது நம் தேசிய ஆண்கள் கைப்பந்து அணிதான். இதைச் சொல்லிக்கொள்ள நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. வெட்கத்தை விட்டு நமக்கு வெகுகாலம் ஆகிறது.

நம் அணியின் சர்வதேச வரலாறு நீண்டது. சுருக்கமாகச் சொன்னால், போனோம், வந்தோம். நம்மை ஜெயிக்காத நாடு ஒன்றைக் காட்டு என்று யாராவது சவால் விட்டால் உலக வரைபடத்தைப் பிரித்து வைத்துத் தேட வேண்டியிருக்கும். புதிதாகக் கைப்பந்து கற்றுக்கொண்ட நாடுகள் முதலில் நம்மோடு ஆடத்தான் ஆசைப்படுகின்றன. அவர்களுக்கு நாம்தான் போணி. எட்டு அணிகள் ஆடும் தொடர்களில் 'முதல் எட்டு இடங்களுக்குள்' நாம் வந்திருப்பது ஒரு முறை அல்ல, பல முறை.

இந்தப் பெருமையெல்லாம் தானாக வந்துவிடவில்லை. இதற்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். அவர் பதவியின் பெயர் 'காரணச் செயலாளர்'.

அப்படி ஒரு பதவி உண்டானதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. முன்பொரு முறை அணி தோற்றுத் திரும்பியபோது, விமான நிலையத்தில் பத்திரிகைக்காரர்கள் ஒரு சின்னப் பையனை, அதாவது அணியிலேயே இளைய ஆட்டக்காரனை, மடக்கிக் கேட்டார்கள். அவன் யோசிக்காமல், "நாங்க நல்லா ஆடலைங்க" என்று சொல்லிவிட்டான். நாடே அதிர்ந்தது. விளையாட்டு அமைச்சர் கைப்பந்துச் சங்கத் தலைவரைக் கூப்பிட்டு, இப்படியா பொறுப்பில்லாமல் உண்மையைப் பேசுவது என்று காய்ச்சி எடுத்தார். அன்றைக்கே சங்கம் கூடி ஒரு 'காரணக் குழு'வை அமைத்தது. இனி அணி விமானம் ஏறும் முன்பே தோல்விக்கான காரணம் தீர்மானிக்கப்பட்டுவிட வேண்டும். விதிகள் இரண்டே. ஒரு முறை சொன்ன காரணத்தை மறுமுறை சொல்லக் கூடாது. எது காரணம் என்று அறிவிக்கப்பட்டதோ அது அடுத்த தொடருக்குள் களையப்பட வேண்டும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரு பழமொழி உண்டு. மற்றவர்கள் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டார்கள். நம் சங்கம் வழிகாட்டு நெறியாக எடுத்துக்கொண்டது. கூடம் கோணல் என்பதுதான் முதல் வருடத்துக் காரணம்.

காரணச் செயலாளர் கல்லூரி நாட்களில் கைப்பந்து அணியில் இருந்தவர். ஆடினாரா என்று கேட்கக் கூடாது, இருந்தார். தண்ணீர்ப் பாட்டில்களுக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஓர் இடம் இருந்தது. ஆட்டம் கைவராவிட்டாலும் எழுத்து கைவந்தது. 'கூரையின் மிதமிஞ்சிய உயரம்', 'வலையின் ஒத்துழையாமை' என்றெல்லாம் அவர் எழுதிய அறிக்கைகளைப் படித்தால் நாம் தோற்றது நியாயம்தான் என்று யாருக்கும் தோன்றும். அவருக்கே தோன்றும்.

அவர் மனைவியின் தம்பிதான் அணியின் கேப்டன்.

கேப்டனின் வேலை பந்தை உயர்த்திக் கொடுப்பது. ஒருவன் வாங்கித் தருவான், இவன் தூக்கிக் கொடுப்பான், இன்னொருவன் துள்ளி அடிப்பான். கைதட்டல் அடித்தவனுக்குப் போகும். பெற்றோர் போன பிறகு அக்கா வீட்டிலேயே வளர்ந்தவன். தலையில் அங்கங்கே நரை. இரண்டு முழங்கால்களும் மாறி மாறி வலிக்கும். இரண்டும் சேர்ந்து வலித்தால் அன்றைக்கு வித்தியாசம் தெரியாததால் நன்றாக ஆடுவான்.

இந்தத் தொடருக்கு முன்னால் காரணக் குழு கூடியபோதுதான் சோதனை வந்தது.

சங்க அலுவலகம் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. நடுவில் நிற்பவர் மட்டும்தான் தலை நிமிரலாம் என்பதால் நடுவில் தலைவரின் நாற்காலி. சுவரோரக் கண்ணாடி அலமாரியில் 'பங்கேற்புக் கோப்பைகள்' வரிசையாக இருந்தன. ஜன்னலுக்குத் திரையாகப் பழைய வலை ஒன்று தொங்கியது. தலைவர் குளிர்பானக் கம்பெனி முதலாளி. பந்தை அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, ஒரு தொடக்க விழாவில், தொட்டிருக்கிறார். அதையும் காலால் உதைத்தார்.

"சொல்லுங்கய்யா" என்றார் தலைவர். "பசங்க ப்ளேன் ஏறப் போறாங்க. கையில ஒரு காரணம்கூட இல்லாம எப்படி அனுப்புறது?"

"குளிர்" என்று தொடங்கினார் காரணச் செயலாளர்.

"சொல்லியாச்சு" என்றார் பொருளாளர். சங்கத்தில் பொருள் என்று எதுவும் இல்லாததால், பொருளாளர் இதுவரை சொன்ன காரணங்களை மனப்பாடமாக வைத்திருக்கும் வேலையைப் பார்த்துவந்தார்.

"வெயில்?"

"அதுக்கு அடுத்த தொடர்ல சொன்னோம்."

"நடுவர் ஒருபக்கமா நடந்துக்கிட்டார்."

"சொல்லியாச்சு. லைன்ல கொடி பிடிச்சு நிக்கிறவங்களையும் சொல்லியாச்சு."

"எதிரணிக்காரங்க நம்மைவிட உயரம்."

"அது ஆரம்ப காலத்துக் காரணம்."

"சரி, குட்டையா இருந்தாங்க. நாம அடிச்சதெல்லாம் அவங்க தலைக்கு மேல போயிருச்சு."

"அதையும்தான் சொன்னோம். அந்த நாட்டுத் தூதர் கோவிச்சுக்கிட்டாரே, மறந்துட்டீங்களா?"

தலைவர் நெற்றியைத் தேய்த்தார். திடீரென்று முகம் மலர்ந்தது. "பந்து ரொம்ப உருண்டையா இருந்துச்சு. இதைச் சொன்னோமா?"

பொருளாளர் கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் தேடினார். "இல்லைங்க. இதைச் சொன்னதில்லை."

அறையில் நம்பிக்கை பரவியது. ஆனால் ஓரமாக, தலையைச் சாய்த்து நின்றிருந்த கோச் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். "சார், ரெண்டாவது விதி இருக்குங்களே. காரணத்தைக் களையணும். உருண்டையா இல்லாத பந்துக்கு எங்க போறது?"

"இவர் ஒருத்தர்" என்றார் தலைவர். "நல்ல காரணம் சிக்கினா விட மாட்டார்."

கோச் மீது அவருக்குக் கோபம் வந்தது, ஆனால் ஒன்றும் செய்ய முடியாது. முந்தைய கோச்சைக் காரணமாகச் சொல்லிக் களைந்தாகிவிட்டது. அந்த வகையில் இந்த கோச் ஒரு பாதுகாக்கப்பட்ட ஜீவன்.

"பொருளெல்லாம் தீர்ந்துபோச்சு" என்றார் தலைவர் கடைசியில். "இனிமே ஆளைத்தான் சொல்லணும். கேப்டனைச் சொல்லியிருக்கோமா?"

"இல்லைங்க" என்றார் பொருளாளர்.

"வயசாயிருச்சில்ல அவனுக்கு?"

எல்லோரும் காரணச் செயலாளரைப் பார்த்தார்கள். அவர் ஜன்னலில் தொங்கிய வலையைப் பார்த்தார். கேப்டனைக் காரணம் என்று அறிவித்தால் விதிப்படி அடுத்த தொடருக்குள் அவனைக் களைய வேண்டும். ஒரு சர்வதேச ஆட்டத்தையாவது ஜெயித்துவிட்டு விடைபெற வேண்டும் என்பதற்காகவே அவன் அந்த முழங்கால்களைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தான்.

"உங்க மச்சான்தான். ஆட்சேபணை இருந்தா தாராளமாச் சொல்லலாம்" என்றார் தலைவர். தாராளம் என்ற சொல்லை அவர் அழுத்திய விதத்தில் அதில் தாராளம் எதுவும் மிச்சமில்லை.

காரணச் செயலாளருக்கு ஆட்சேபணை இருந்தது. தொண்டை வரைக்கும் வந்தது. அங்கே அவர் எழுத்துத் திறமை குறுக்கே வந்து நின்றுகொண்டது.

"'வயது'ன்னு மட்டும் போட்டா வாக்கியம் மொட்டையா இருக்குங்க" என்றார் அவர். "'முதிர்ந்த வயதும் மங்கிய பார்வையும்'னு போட்டா நல்லா இருக்கும்."

"அபாரம்" என்றார் தலைவர். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. காரணச் செயலாளர் தூக்கிய கைதான் எல்லாவற்றுக்கும் உயரமாக இருந்தது. கல்லூரியில் அந்தக் கை அவ்வளவு உயரம் போயிருந்தால் அவர் களத்திலேயே இருந்திருப்பார்.

வீட்டுக்கு வந்தபோது கேப்டன் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டிருந்தான். அக்கா அவன் பனியனை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காரணம் நாட்டுக்குத் தெரியும் முன்பே தங்களுக்குத் தெரிவதில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு பெருமை உண்டு.

"என்னங்க, இந்தத் தடவை என்ன காரணம்?" என்று கேட்டாள்.

"தரை வழுக்கல்."

"அது ஏற்கெனவே சொன்னதாச்சே."

"அது வேற வழுக்கல். இது வேற."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் பொய் சொல்லும்போது இடது காதைச் சொறிவார். இப்போது இரண்டையும் சொறிந்துகொண்டிருந்தார்.

"எல்லாம் தீர்ந்துபோச்சா?" என்றாள். "இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்கே. நீங்க யாருமே அதைத் தொடலை."

"எது?"

"அது நானா சொல்லக் கூடாது. உங்களுக்கா தெரியணும்."

கேப்டன் சிரித்தான். "விடுக்கா. மாமாவை ஏன் படுத்துற? இந்தத் தடவை காரணத்துக்கே வேலை இருக்காது பாரு. ஒரே ஒரு மேட்ச் மாமா. ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சுட்டா, நானே பையைத் தூக்கிப் பரண்ல போட்டுடறேன். யாரும் சொல்ல வேண்டாம்."

"ஜெயிப்படா" என்றார் காரணச் செயலாளர். அந்தச் சொல்லை அந்த வீட்டில் அவர் சொன்னது அதுவே முதல் தடவை. நாக்கு பழக்கமில்லாமல் தடுமாறியது.

தூதுக்குழு புறப்பட்டது. அதில் ஆட்டக்காரர்களைவிட நிர்வாகிகள் அதிகம். தோல்வியின் பாரத்தைச் சுமக்கத் தோள்கள் நிறைய வேண்டாமா? வழக்கம்போல, எழுதி முடித்த அறிக்கையை ஊரில் அலுவலக உதவியாளரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆனதும் அவர் அதைப் பத்திரிகைகளுக்கு அனுப்பிவிட்டு, அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். முடிவு தெரியும் வரைக்கும் காத்திருப்பதெல்லாம் தன்னம்பிக்கை இல்லாத நாடுகள் செய்கிற வேலை. நம் ஆட்டம் எதுவும் ஒரு மணி நேரத்தைத் தாண்டியதாக வரலாறு கிடையாது.

முதல் ஆட்டம். எதிரணி பெரிய அணி. நம்மோடு ஆடுவதைக் கை கால் உதறிக்கொள்ளும் பயிற்சியாக எண்ணி, மாற்று ஆட்டக்காரர்களையே இறக்கியிருந்தது. அந்த அலட்சியத்தில் முதல் செட்டை நம்மிடம் தோற்றுவிட்டது.

நிர்வாகிகள் வரிசையில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. "முடிஞ்சுதா?" என்று கேட்டார் தலைவர்.

"நாம ஜெயிச்சிருக்கோம்" என்றார் காரணச் செயலாளர்.

"எதை?"

"செட்டைங்க. முதல் செட்டை."

"அப்படிக்கூட உண்டா?" என்று தலைவர் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் கண்ணை மூடித் தேடிப் பார்த்துவிட்டு, இதற்கு முன்னுதாரணம் இல்லை என்று தலையாட்டினார்.

இரண்டாவது செட்டைத் தோற்றோம். வரிசை முழுவதும் மூச்சு விட்டது. தலைவர் குளிர்பானம் வரவழைத்தார், வேறு கம்பெனியுடையது என்பதால் முகம் சுளித்துக் குடித்தார். ஆனால் மூன்றாவது செட்டில் நம்மவர்கள் மறுபடி முன்னால் போக, எதிரணி திடுக்கிட்டுத் தன் நிஜ ஆட்டக்காரர்களை இறக்கியது. பெஞ்சிலிருந்து எழுந்தபோது ஒவ்வொருவரும் எழுந்து முடிக்கவே நேரம் பிடித்தது, அவ்வளவு உயரம். அவர்களை எதிர்த்தும் கேப்டன் பந்தைத் தூக்கித் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

காரணச் செயலாளருக்குக் கை தட்டவும் முடியவில்லை, தட்டாமல் இருக்கவும் முடியவில்லை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். அப்போதுதான் கடிகாரம் நினைவுக்கு வந்தது. ஒரு மணி நேரம் தாண்டியிருந்தது. அலுவலகத்துக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. உதவியாளர் கடமை தவறாதவர். அனுப்பிவிட்டுப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

போனை வைத்த கையோடு அது அடித்தது. மனைவி.

"செய்தி வந்திருச்சு" என்றாள். குரல் அமைதியாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "'தோல்விக்கு முழுமுதற் காரணம் அணித்தலைவரின் முதிர்ந்த வயதும் மங்கிய பார்வையும்.' இதை யார் எழுதினது?"

"குழுவா சேர்ந்து எடுத்த முடிவு அது..."

"முடிவு குழு எடுத்திருக்கும். 'மங்கிய பார்வை'யை எடுத்தது யாரு? அந்த அலங்காரம் உங்களைத் தவிர யாருக்கு வரும்?"

கீழே நம் அணி மூன்றாவது செட்டை எடுத்தது. அரங்கத்தில் நமக்கு அறிமுகமே இல்லாத ஜனங்கள் நமக்காகக் கத்தினார்கள்.

"என்ன சத்தம் அது? எல்லாரும் கிளம்புறாங்களா?"

"இல்லை. ஆட்டம் நடந்துக்கிட்டிருக்கு. நாம... ரெண்டு செட் எடுத்திருக்கோம்."

அவள் சொன்னாள். "அவன் அங்க ஜெயிச்சுக்கிட்டிருக்கான். நீங்க அவனை இங்க தோக்கடிச்சு முடிச்சுட்டீங்க." போன் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு அவர் எத்தனை முறை அழைத்தும் அவள் எடுக்கவில்லை.

நான்காவது செட் கைவிட்டுப் போனது. ஐந்தாவது செட்டில் புள்ளிகள் ஒட்டிக்கொண்டே வந்தன. செய்தி வெளியான விஷயம் இதற்குள் தலைவருக்குத் தெரிந்துவிட்டது. ஆபத்தில்தான் தலைவர்கள் வெளிப்படுவார்கள் என்பார்கள், இவரும் வெளிப்பட்டார்.

"சங்கம் ஒரு வார்த்தை சொன்னா சொன்னதுதான்" என்றார். "தோத்துட்டோம்னு எழுத்துல கொடுத்தாச்சு. இப்ப ஜெயிச்சா நம்ம வார்த்தைக்கு என்ன மரியாதை? நாளைக்கு நாம தோத்தோம்னு சொன்னாக்கூட ஒருத்தனும் நம்ப மாட்டான்."

"ஆனா ஜெயிக்கிறது..." என்று தொடங்கினார் காரணச் செயலாளர்.

"பந்து இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும். சங்கம் நிரந்தரம். நீ இறங்கிப் போய் கோச்கிட்ட சொல்லு. கேப்டனை எடுத்துட்டு வேற ஆளை விடச் சொல்லு. உன் மச்சான்தானே, நீ சொன்னா வருத்தப்பட மாட்டான்."

காரணச் செயலாளர் எழுந்தார். படிகளில் இறங்கினார். கழுத்தில் தொங்கிய அட்டையைக் காட்டியதும் களம் வரைக்கும் விட்டார்கள். வாழ்நாள் முழுவதும் அவர் ஒரு கைப்பந்துக் களத்துக்குள் நுழைய ஆசைப்பட்டிருக்கிறார். இப்படி நுழைய வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை.

இடைவேளை கேட்டிருந்தார்கள். கேப்டன் தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தான். கோச் கையிலிருந்த துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா? இங்க எப்படி வந்தீங்க?" என்றான் கேப்டன். அவன் முகத்தில் இருந்தது சந்தோஷம். அதில் சந்தேகமே இல்லை. இத்தனை வருடத்தில் அந்த முகத்தில் அதை அவர் பார்த்ததில்லை.

காரணச் செயலாளர் வாயைத் திறந்தார். அழகான வாக்கியங்கள் எல்லாம் வரிசையில் நின்றன. 'அணியின் நலன் கருதி', 'தவிர்க்க இயலாத சூழலில்'. ஒன்றும் வெளியே வரவில்லை.

"முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"ரெண்டும் வலிக்குது மாமா. பரவாயில்லை."

விசில் ஊதியது. அவன் போனான். இவர் படியேறித் திரும்பினார்.

"பேசிட்டியா?" என்றார் தலைவர்.

"பேசிட்டேங்க."

"என்ன சொன்னான்?"

"பரவாயில்லைன்னு சொன்னான்."

தலைவர் திருப்தியோடு சாய்ந்து உட்கார்ந்தார். ஆனால் களத்தில் ஆள் மாறவில்லை. கடைசிப் புள்ளிக்குப் பந்து வலையோரமாகக் கேப்டனிடம் வந்தபோது, அவன் தூக்கிக் கொடுக்கப்போகிறான் என்று எதிரணியின் உயரமெல்லாம் துள்ளி எழுந்தது. அவன் தூக்கிக் கொடுக்கவில்லை. பந்தை மெதுவாக விரலால் தள்ளி வலைக்கு அந்தப் பக்கம் விட்டான். அத்தனை நெடிய ஆட்களுக்கு நடுவில் யாரும் இல்லாத ஒரு கையகல இடத்தை மங்கிய பார்வைக்காரன் பார்த்து வைத்திருந்தான்.

காரணச் செயலாளர் அழுதார். ஒளிக்காமல், மூக்கு ஒழுக, வாய்விட்டு அழுதார்.

"ஏன்யா அழுற?" என்றார் தலைவர்.

"சங்கத்துக்காகங்க" என்றார் காரணச் செயலாளர்.

உடை மாற்றும் அறையில் ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் தூக்கிப்போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கேப்டன் மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ அவனுக்கு அந்தச் செய்தியை அனுப்பியிருந்தார்கள். காரணச் செயலாளர் வருவதைப் பார்த்து நிமிர்ந்தான்.

"எனக்குப் பார்வை மங்கிருச்சுன்னு போட்டிருக்கு மாமா" என்றான். "ஆனா உங்களை நல்லாத் தெரியுது."

அவன் சத்தம் போட்டிருந்தால் இவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மற்ற ஆட்டங்களைத் தோற்றோம். அவற்றுக்கு 'வெற்றியினால் ஏற்பட்ட களைப்பு' என்று அங்கேயே உட்கார்ந்து அறிக்கை தயாரானது. அந்தக் காரணம் முற்றிலும் புதிது என்று பொருளாளர் சான்றளித்தார்.

ஊர் திரும்பிய பிறகு வீட்டில் மனைவி அவரோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். எல்லாம் தம்பி வழியாகத்தான் போக்குவரத்து. "உங்க மாமாகிட்டச் சொல்லு, காபி வச்சிருக்குன்னு." காபி அவருக்கு எதிரிலேயே இருக்கும். கேப்டன் சிரித்துக்கொண்டே செய்தியைக் கொண்டுவந்து சேர்ப்பான். அவன் கோபித்துக்கொள்ளவில்லை, பந்தைப் போலவே செய்தியையும் உரிய இடத்தில் சேர்த்துப் பழகியவன்.

காரணக் குழு மீண்டும் கூடியது. ஒரே பொருள்தான்: நடந்துவிட்ட வெற்றியை என்ன செய்வது?

முதலில் காரணச் செயலாளர் மீது விசாரணை நடந்தது. கோச்சிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள். "நாக்கு மரத்துப்போச்சுங்க" என்றார். பொருளாளர் கண்ணை மூடித் தேடினார். முன்பு யாரும் சொல்லாத காரணம் என்பதால் அது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

"மறுப்பு அறிக்கை விட முடியாது" என்றார் தலைவர். "சங்கம் தப்பு பண்ணினதா ஆயிரும். வெளியான அறிக்கையில ஒரே ஒரு வார்த்தையைத் திருத்துவோம். 'தோல்வி'ங்கிற இடத்துல 'வெற்றி'ன்னு போடுங்க."

திருத்தினார்கள். வாசித்துக் காட்டும் பொறுப்பு காரணச் செயலாளருக்கு. "'வெற்றிக்கு முழுமுதற் காரணம் அணித்தலைவரின் முதிர்ந்த வயதும் மங்கிய பார்வையும்.'"

"நல்லாத்தான் இருக்கு" என்றார் தலைவர்.

"அப்ப கேப்டன்...?" என்றார் கோச், தலை சாய்ந்த நிலையிலேயே.

"விதி விதிதானேய்யா. காரணம்னு அறிவிச்சா களையணும். தோத்ததுக்குக் காரணமா ஜெயிச்சதுக்குக் காரணமான்னு விதியில போடலை. மாலை போட்டு அனுப்பிடுவோம்."

ஒரு தொடரையே தோற்கும்போது வராத வியர்வை காரணச் செயலாளருக்கு அப்போது வந்தது. மனைவி சொன்ன 'மிச்சம் இருக்கிற ஒன்று' திடீரென்று விளங்கியது. அவர் எழுந்தார். எழுந்த வேகத்தில் மாடிப்படி தலையில் இடித்தது. அந்த வலியிலேயே பேசிவிட்டார்.

"ஒரு காரணம் இருக்குங்க. இதுவரைக்கும் நாம சொல்லாதது. கேப்டனை விட்டுட்டு அதைச் சொல்லிடலாம். இத்தனை வருஷம் தோத்ததுக்கும் அதுதான்."

"என்ன அது?"

"நாமதாங்க. இந்தக் குழு."

எல்லோரும் பொருளாளரைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடினார். வழக்கத்தைவிட அதிக நேரம் தேடினார். "இல்லைங்க" என்றார் கடைசியில், குரலில் ஒரு வியப்போடு. "ஒரு தடவைகூடச் சொன்னதில்லை."

தலைவருக்குக் கோபம் வரும் என்று காரணச் செயலாளர் எதிர்பார்த்தார். வரவில்லை. தலைவர் எழுந்து வந்து அவர் தோளில் தட்டிக் கொடுத்தார்.

"பிரமாதமான காரணம்யா. இதைப் போய் இப்ப வீணாக்குவாங்களா? ஒரு தடவைதானே சொல்ல முடியும். பத்திரமா வச்சிரு. பின்னால ரொம்பப் பெரிய தோல்வி வரும்போது உதவும்." பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "கேப்டனைக் களையறதுக்கு ஆதரவா இருக்கிறவங்க கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஏகமனது என்றால் என்ன என்று வாசகர்களுக்குத் தெரியும்.

வீட்டில் கேப்டனின் பை ஏற்கெனவே பரண் மேல் ஏறியிருந்தது. அவன் முழங்காலில் துணி சுற்றிக்கொண்டிருந்தான்; இனி எதற்கு என்று அவனுக்கே தெரியாது, பழக்கம். காரணச் செயலாளர் வாசலில் நின்றபடியே நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். எழுந்ததைச் சொன்னார், இடித்ததைச் சொன்னார், அந்தக் காரணத்தைத் தைரியமாகச் சொன்னதைச் சொன்னார். கடைசியில், கை தூக்கியதையும் சொன்னார். காதைச் சொறியவில்லை.

"அந்தக் காரணத்தை என்ன பண்ணச் சொன்னாங்க மாமா?" என்றான் கேப்டன்.

"பத்திரமா வச்சிருக்கச் சொன்னாங்க."

இத்தனை நாளில் முதன்முறையாக மனைவி அவரிடம் நேராகப் பேசினாள்.

"அதான் பத்திரமா வீடு வந்து சேர்ந்திருச்சே" என்றாள். "சாப்பாடு எடுத்து வைக்கிறேன். அந்தத் தூக்கின கையை மட்டும் நல்லாக் கழுவிட்டு வாங்க."